லேபிள் இல்லாத ரேமைச் சிப் எண்ணால் அடையாளம் காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கணினிகளைப் பிரித்துப் பயனுள்ள பாகங்களை எடுத்து வைப்பவர்களின் இழுப்பறையில் லேபிள் உதிர்ந்துபோன ரேம்கள் சிலவாவது கிடக்கும். அதன் கொள்ளளவு என்ன, வேகம் என்ன, எந்த மதர்போர்டு அதை ஏற்கும் என்ற கேள்விகளுக்குக் கண்ணெதிரே இருக்கும் சாட்சி, கறுப்புச் சிப்புகளின் முதுகில் மங்கலாகப் பொறித்திருக்கும் இரண்டு மூன்று வரிகள்தான். அந்த வரிகள் ஒரு தனிச் சிப்பைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. எட்டோ பதினாறோ சிப்புகள் சேர்ந்து உருவாகும் மாட்யூலைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது. சிப்பைப் படித்த கையோடு மாட்யூலையே படித்துவிட்டதாக எண்ணிக்கொள்வதிலிருந்துதான் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை பிறந்திருக்கின்றன.

தொடங்கும் முன் எழுத்துமுறை பற்றி ஒரு சொல். சிப் எண்களில் வரும் ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதினால் சில எழுத்துகள் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆகையால் இங்கே சிப் எண்களுக்குள் ‘பி’ என்று குறிலாக வருவது ஆங்கில அகரவரிசையின் 2ஆம் எழுத்தையும், ‘பீ’ என்று நெடிலாக வருவது 16ஆம் எழுத்தையும் குறிக்கும். அதேபோல் ‘டி’ என்பது 4ஆம் எழுத்து, ‘டீ’ என்பது 20ஆம் எழுத்து. ஓர் எழுத்து மாறினால் மாட்யூலின் தலைமுறையே மாறிவிடும் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

பலகையைப் பார்க்காமல் சிப்புக்குத் தாவுவது

பூதக்கண்ணாடியை எடுப்பதற்கு முன் மாட்யூலை மேசைமேல் வைத்து முழுதாகப் பார்க்க வேண்டும். விளிம்பில் உள்ள தங்க நிறத் தொடுமுனைகளின் எண்ணிக்கையும், அவற்றுக்கு நடுவே உள்ள வெட்டு எந்த இடத்தில் விழுகிறது என்பதும், சிப் எண்ணைப் படிக்காமலேயே தலைமுறையை (பழையதிலிருந்து புதியதாக எஸ்டிரேம், டிடிஆர், பிறகு டிடிஆர்2 முதல் டிடிஆர்5 வரை) சொல்லிவிடும். மேசைக்கணினி ரேமில் எஸ்டிரேமுக்கு 168 முனைகளும் இரண்டு வெட்டுகளும் உண்டு. டிடிஆருக்கு 184 முனைகளும் ஒரே வெட்டும் இருக்கும். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288. மடிக்கணினி ரேமில் எஸ்டிரேமுக்கு 144, டிடிஆருக்கும் டிடிஆர்2க்கும் 200, டிடிஆர்3க்கு 204, டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262.

இங்கேயே முதல் தவறு காத்திருக்கிறது. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதாலேயே இரண்டு தலைமுறைகளும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். டிடிஆர்2 மாட்யூலும் டிடிஆர்3 மாட்யூலும் 133.35 மில்லிமீட்டர் நீளத்தில், 240 முனைகளோடு, அருகருகே வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும். வெட்டு மட்டும் சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். டிடிஆர்2 கேட்பது 1.8 வோல்ட், டிடிஆர்3 கேட்பது 1.5 வோல்ட். தவறான மாட்யூல் தவறான ஸ்லாட்டில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வெட்டையே இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். அழுத்தியும் உட்காராத மாட்யூலை மேலும் அழுத்தாமல், கையில் இருக்கும் உறுதியான மாட்யூல் ஒன்றோடு சேர்த்து வைத்து வெட்டை ஒப்பிட்டுப் பாருங்கள்.

168 முனை என்றாலே எஸ்டிரேம் என்று முடிவு செய்வதும் சரியில்லை. அதே வடிவில் அதற்கு முந்தைய இடிஓ வகையும் வந்திருக்கிறது. இங்கே சிப்பின் கால்கள் கைகொடுக்கும்: இருபுறமும் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய வகைச் சிப்பில் மொத்தம் 54 கால்கள், அதாவது பக்கத்துக்கு 27, இருந்தால் அது எஸ்டிரேமாக இருக்கும், 66 கால்கள், பக்கத்துக்கு 33, இருந்தால் டிடிஆர். டிடிஆர்2 முதல் கால்கள் மறைந்து, சிப்பின் வயிற்றுப் பகுதியில் ஈயக் குண்டுகளாகிவிட்டன.

தவறான எண்ணைப் பிடித்துக்கொள்வது

லேபிள் இல்லாத மாட்யூலைக் கையில் எடுக்கும் பலர் முதலில் தேடுவது பச்சைப் பலகையில் அச்சாகியிருக்கும் எண்ணைத்தான், ஏனென்றால் அதுதான் பளிச்சென்று தெரியும். 94வி-0 என்று ஒரு குறி இருக்கும். அது பலகை எவ்வளவு எளிதில் தீப்பற்றும் என்பதற்கான தரக்குறி, உலகில் உள்ள பெரும்பாலான சர்க்யூட் பலகைகளில் இதே குறியைக் காணலாம். ‘இ’ என்ற எழுத்தில் தொடங்கும் ஆறு இலக்க எண் ஒன்றும் இருக்கும். அது பலகையைத் தயாரித்தவருக்குப் பாதுகாப்புச் சான்று நிறுவனம் அளித்த கோப்பு எண். இந்த இரண்டையும் தேடுபொறியில் கொடுத்தால் ஆயிரக்கணக்கான ரேம்களின் படங்கள் வந்து விழும், அவற்றில் ஏதோ ஒன்று கையில் உள்ளதைப் போலவே இருக்கும், தேடியவரும் அதுவே இது என்று எழுதி வைத்துவிடுவார். வெற்றுப் பலகை ஒருவரிடமிருந்தும் சிப் வேறொருவரிடமிருந்தும் வருகிறது. ஒரே பலகை வடிவில் வெவ்வேறு கொள்ளளவுச் சிப்புகளை ஏற்றுவது வழக்கம்.

மாட்யூலில் உள்ள எல்லாக் கறுப்புச் சிப்பும் நினைவகச் சிப் ஆகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எட்டுக் கால்களோடு ஓரமாக இருக்கும் மிகச் சிறிய சிப், மாட்யூலின் அடையாள விவரங்களைச் சேமித்து வைக்கும் எஸ்பிடி சிப். நடுவில், மற்றவற்றிலிருந்து வேறுபட்ட அளவில் இருப்பது, சர்வர் ரேம்களில் வரும் ரெஜிஸ்டர் சிப்பாக இருக்கும். டிடிஆர்5இல் மின்னழுத்தத்தை ஒழுங்குபடுத்தும் சிப்பும் மாட்யூலிலேயே வந்துவிட்டது. ஒரே அளவில், ஒரே எண்ணோடு வரிசையாக நிற்பவற்றைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். திருப்பிப் பார்க்கவும் மறக்கக் கூடாது. ஒரு பக்கத்தை மட்டும் எண்ணிக் கொள்ளளவைப் பாதியாகச் சொன்னவர்கள் நிறையப் பேர்.

சிப்பின் முதுகிலேயே கூட எல்லா எண்ணும் அடையாள எண் ஆகாது. இதைப் பொதுவாகச் சொல்வதைவிட ஒரு சிப்பை அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. சாம்சங் டிடிஆர்3 சிப் ஒன்றில் முதல் வரியில் ‘எஸ்இசி 037 எச்சிஎச்9’ என்றும், இரண்டாம் வரியில் ‘கே4பி2ஜி0846சி’ என்றும், மூன்றாம் வரியில் வேறு சில எழுத்துகளும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எஸ்இசி என்பது சாம்சங் எலக்ட்ரானிக்ஸின் சுருக்கம். 037 என்பது தயாரித்த காலம்: ஆண்டின் கடைசி இலக்கம் 0, வாரம் 37. அது 2000ஆ, 2010ஆ என்று சிப் சொல்லாது. ஆனால் டிடிஆர்3 தரவரையறையே 2007இல்தான் வெளிவந்தது என்பதால் 2000ஆக இருக்க வழியில்லை. மூன்றாம் வரி உற்பத்தித் தொகுதியின் எண், அது நமக்குப் பயன்படாது. இங்கே பலரைக் குழப்புவது, சிப்பின் முழு எண் இரண்டு வரிகளாகப் பிரிந்து, அதுவும் பின்பகுதி முன்னால் வந்து நிற்பதுதான். இரண்டாம் வரியோடு முதல் வரியின் கடைசித் துண்டைச் சேர்த்து ‘கே4பி2ஜி0846சி-எச்சிஎச்9’ என்று படித்தால்தான் முழு விவரமும் கிடைக்கும். இரண்டாம் வரியை மட்டும் எழுதிக்கொண்டு போனவருக்கு வேகம் தெரியாமலேயே போய்விடும்.

பிட்டைப் பைட்டாகப் படிப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பரவலான தவறு. மேற்கண்ட எண்ணில் ‘2ஜி’ என்று இருப்பதைப் பார்த்ததும் இது 2 ஜிகாபைட் ரேம் என்று சொல்லிவிடுவார்கள். அங்கே சொல்லப்பட்டிருப்பது 2 ஜிகாபிட், அதுவும் ஒரே ஒரு சிப்புக்கு. எட்டுப் பிட்டுகள் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால் ஒரு சிப்பின் கொள்ளளவு 256 மெகாபைட்தான். எட்டுச் சிப்புகள் இருந்தால் மாட்யூல் 2 ஜிகாபைட், பதினாறு இருந்தால் 4 ஜிகாபைட், நான்கே இருந்தால் 1 ஜிகாபைட். எட்டுச் சிப் மாட்யூலில் இந்தத் தவறான வாசிப்பும் சரியான விடையையே தந்துவிடுகிறது. எட்டால் வகுத்து எட்டால் பெருக்கினால் அதே எண் வந்து நிற்கும் என்பதுதான் காரணம். அதனால் தவறு செய்கிறோம் என்று தெரியாமலேயே பல மாட்யூல்களைச் சரியாகச் சொல்லிவிட்டு, பதினாறு சிப் மாட்யூல் ஒன்று வரும்போது ஒருவர் திகைத்து நிற்பார்.

கொள்ளளவு நேராக எழுதப்பட்டிருக்கும் சிப்புகளிலேயே இப்படியென்றால், சுருக்கக் குறிகளில் ஆபத்து இன்னும் அதிகம். சாம்சங் பழைய சிப்புகளில் 28 என்றால் 128 மெகாபிட், 56 என்றால் 256 மெகாபிட், 51 என்றால் 512 மெகாபிட். ஹைனிக்ஸிலும் 28, 56 இரண்டுக்கும் அதே பொருள்தான். ஆனால் 512 மெகாபிட்டுக்கு அவர்கள் எழுதுவது 12. ஆகவே ‘எச்ஒய்5பீஎஸ்12821’ என்ற டிடிஆர்2 சிப்பில் 128 என்று தொடர்ந்து வரும் மூன்று இலக்கங்களைப் பார்த்ததும் அதை 128 மெகாபிட் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். சரியான பிரிப்பு 12, 8, 2, 1. முதல் இரண்டு இலக்கம் 512 மெகாபிட் என்பதையும், அடுத்த 8 சிப்பின் அகலத்தையும், அதாவது அது ஒரே நேரத்தில் தரும் பிட்டுகளின் எண்ணிக்கையையும் சொல்கின்றன. எட்டுச் சிப் மாட்யூலை 512 மெகாபைட் என்று சொல்வதற்கும் 128 மெகாபைட் என்று சொல்வதற்கும் உள்ள நான்கு மடங்கு வித்தியாசம், இலக்கங்களை எந்த இடத்தில் பிரிக்கிறோம் என்பதில் அடங்கியிருக்கிறது.

மைக்ரான் சிப்புகள் இந்த விஷயத்தில் நேர்மையானவை என்பது என் எண்ணம். ‘எம்டீ41ஜே256எம்8’ என்ற எண்ணில் 256 மெகா முகவரிகள், ஒவ்வொன்றிலும் 8 பிட் என்று பெருக்கல் கணக்காகவே எழுதிவிடுவார்கள்; பெருக்கினால் 2048 மெகாபிட், அதாவது 2 ஜிகாபிட். நான்யாவும் ‘என்டீ5சிபி256எம்8’ என்று இதே வழியில் எழுதுகிறது. ஆனால் மைக்ரானில் வேறொரு சிக்கல் உண்டு. ஈயக் குண்டுச் சிப்புகளின் சிறிய முதுகில் முழு எண்ணுக்கு இடம் போதாது என்று ‘டி9’ என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறி ஒன்றை மட்டும் பொறிக்கிறார்கள். அந்த ஐந்தெழுத்தில் கொள்ளளவோ வேகமோ ஒளிந்திருக்காது, அதை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பயனில்லை. மைக்ரான் தன் இணையதளத்தில் வைத்திருக்கும் குறிமாற்றிப் பக்கத்தில் அதை இட்டால் முழு எண் கிடைக்கும்.

யாருடைய சிப் என்று ஊகிப்பது

தயாரிப்பாளரைத் தவறாக எடுத்துக்கொண்டால் அதன் பிறகு செய்யும் வாசிப்பு முழுவதும் பிசகும். ‘எச்ஒய்’ என்று தொடங்குவதெல்லாம் ஹைனிக்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். ஹூண்டாய் எலக்ட்ரானிக்ஸ் என்ற பெயரிலிருந்து 2001இல் ஹைனிக்ஸாகி, 2012இல் எஸ்கே ஹைனிக்ஸான நிறுவனத்தின் பழைய சிப்புகள் எச்ஒய்57, எச்ஒய்5 என்று தொடங்கும் என்பது உண்மைதான். ஆனால் எச்ஒய் எழுத்துகளை அடுத்து ‘பி’ வந்து ‘எச்ஒய்பி’ என்றிருந்தால் அது ஜெர்மனியின் சீமென்ஸ், அதிலிருந்து பிரிந்த இன்ஃபினியன், 2006இல் அதிலிருந்தும் பிரிந்த கிமோண்டா ஆகியவற்றின் வழிவந்தது. அவர்களுடைய முறையில் அடுத்து வரும் எண் மின்னழுத்தத்தைச் சொல்லும்: 39 என்றால் 3.3 வோல்ட் எஸ்டிரேம், 25 என்றால் 2.5 வோல்ட் டிடிஆர், 18 என்றால் 1.8 வோல்ட் டிடிஆர்2. ‘எச்ஒய்பி18டீ512800’ என்பதை ஹைனிக்ஸ் அட்டவணையில் தேடினால் எதுவும் கிடைக்காது. அல்லது அதைவிட மோசமாக, தவறான ஒன்று கிடைக்கும்.

எல்பீடா சிப்புகளில் முதல் இரண்டு எழுத்துகள் பொறிக்கப்படுவதில்லை. ‘இடிஇ5108’ என்ற டிடிஆர்2 சிப்பின் முதுகில் ‘இ5108’ என்றும், ‘இடிஜே1108’ என்ற டிடிஆர்3 சிப்பின் முதுகில் ‘ஜே1108’ என்றும் மட்டுமே காணப்படும். இங்கே 51 என்பது 512 மெகாபிட், 11 என்பது 1 ஜிகாபிட், 21 என்றால் 2 ஜிகாபிட். பின்னால் வரும் 08 அகலம். பொறித்திருப்பதை அப்படியே தேடி விடை கிடைக்கவில்லை என்று கைவிடுபவர்கள், முன்னால் அந்த இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சில மாட்யூல் நிறுவனங்கள் சிலிக்கான் தகடாகவோ, முழுச் சோதனை முடியாத சிப்புகளாகவோ வாங்கி, தங்கள் சொந்தக் குறியைப் பொறித்துக்கொள்வதும் உண்டு. அந்தக் குறியை எந்தச் சிப் தயாரிப்பாளரின் முறையிலும் வலிந்து பொருத்த முயல வேண்டாம். அத்தகைய மாட்யூலுக்கு எஸ்பிடி விவரமும் நேரடிச் சோதனையுமே வழி. சிப்பின் மேற்பரப்பு வழக்கத்துக்கு மாறாகச் சொரசொரப்பாகவோ, கறுப்பு வண்ணம் பூசியதுபோலவோ இருந்து, எழுத்துகள் மட்டும் புதிதாகத் தெரிந்தால், பழைய குறியைத் தேய்த்துவிட்டுப் புதுக்குறி பொறித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும்.

அகலத்தைக் கவனிக்காமல் விடுவது

கொள்ளளவும் தலைமுறையும் சரியாக வந்ததும் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுபவர்கள் தவறவிடுவது சிப்பின் அகலத்தை. மாட்யூல் ஒன்று கணினியோடு ஒரே நேரத்தில் 64 பிட்டுகளைப் பரிமாறிக்கொள்கிறது. 8 பிட் அகலச் சிப் என்றால் எட்டுச் சிப்புகள் சேர்ந்து இந்த 64ஐ நிரப்பும். அந்தத் தொகுதிக்கு ஒரு ரேங்க் என்று பெயர். பதினாறு சிப்புகள் இருந்தால் இரண்டு ரேங்க். 16 பிட் அகலம் என்றால் நான்கு சிப்புகளே ஒரு ரேங்குக்குப் போதும். 4 பிட் அகலம் என்றால் ஒரு ரேங்குக்கே பதினாறு வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட சாம்சங் எண்ணில் 0846 என்று வந்ததே, அதில் 08 என்பதுதான் அகலம். அடுத்துள்ள 4 உள்ளே எட்டு வங்கிகள் (நினைவகத்தின் உட்பிரிவுகள்) இருப்பதையும், 6 மின்னழுத்த வகையையும் குறிக்கின்றன. 0446, 1646 என்று வரும் சிப்புகள் அதே கொள்ளளவில் 4, 16 பிட் அகலம் கொண்டவை.

இது ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாதது. சாம்சங் டிடிஆர் சிப்புகளில் ‘கே4எச்510438’ என்றும் ‘கே4எச்510838’ என்றும் இரண்டு உண்டு. இரண்டுமே 512 மெகாபிட். பதினாறு சிப்புகள் வைத்தால் இரண்டிலும் 1 ஜிகாபைட் மாட்யூல் கிடைக்கும், பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ரெஜிஸ்டர் இல்லாத சாதாரண மாட்யூலில் 4 பிட் அகலச் சிப்புகளை வைப்பது தரவரையறையில் இல்லாத ஏற்பாடு. பல மதர்போர்டுகள் அதை ஏற்காது, அல்லது கொள்ளளவைக் குறைத்துக் காட்டும். ஆன்லைன் விற்பனையில் ‘உயர் அடர்த்தி’ என்றும், ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் செயலிக்கு மட்டும் என்றும் குறைந்த விலைக்கு வந்தவற்றில் பல இந்த வகைதான். ஒரே ஓர் இலக்கம், 4ஆ 8ஆ என்பது, அந்த மாட்யூல் உங்கள் கணினியில் ஓடுமா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

எஸ்டிரேம் காலத்திலும் இதற்கு உறவுடைய சிக்கல் ஒன்று இருந்தது. 1998இல் வந்த இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் 128 மெகாபிட் வரையிலான சிப்புகளையே முழுமையாகக் கையாளும். 128 மெகாபிட் சிப்புகள் பதினாறு கொண்ட 256 மெகாபைட் மாட்யூல் அதில் முழுதாகத் தெரியும். 256 மெகாபிட் சிப்புகள் எட்டு கொண்ட அதே 256 மெகாபைட் மாட்யூல் பாதியாகவே தெரியும். மாட்யூல் பழுது என்று தூக்கி எறியப்பட்டவற்றில் பழுதே இல்லாதவையும் உண்டு.

ஒன்பதாவது சிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தில் ஒன்பது, மொத்தத்தில் பதினெட்டு என்று எண்ணிக்கை வந்தால் அது பிழை திருத்தும் இசிசி மாட்யூல். கூடுதல் சிப் தரவைக் காக்கும் பிட்டுகளுக்கானது, கொள்ளளவில் சேராது. 1 ஜிகாபிட் சிப்புகள் பதினெட்டை அப்படியே பெருக்கினால் 2.25 ஜிகாபைட் என்று வரும். இப்படிக் கோணலான விடை வந்தால் கணக்கு தவறிவிட்டது என்று பதறாமல், இசிசி என்று புரிந்துகொண்டு 2 ஜிகாபைட் என்று எழுத வேண்டும். இசிசியோடு நடுவில் ரெஜிஸ்டர் சிப்பும் இருந்தால் அது சர்வர் ரேம், சாதாரண மேசைக்கணினியில் ஓடாது. டிடிஆர்5இல் ஒவ்வொரு சிப்புக்குள்ளும் பிழை திருத்தம் ஓரளவு நடப்பதால் எல்லா டிடிஆர்5 மாட்யூலும் இசிசிதான் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது சிப்புக்குள் அடங்கிய ஏற்பாடு, கூடுதல் சிப்புகள் இல்லாத மாட்யூலை இசிசி என்று எழுதக் கூடாது.

வேகக் குறியை ஒரே அளவுகோலால் படிப்பது

சிப் எண்ணில் சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் 6 என்ற இலக்கம் காலத்துக்கேற்ப வெவ்வேறு பொருள் தரும். இடிஓ சிப்பில் அது 60 நானோநொடி அணுகு நேரம். எஸ்டிரேமில் 6 நானோநொடிச் சுழற்சி, அதாவது சுமார் 166 மெகாஹெர்ட்ஸ். டிடிஆரில் சுழற்சிக்கு இரண்டு முறை தரவு செல்வதால் அதே 6 நானோநொடி டிடிஆர்333 ஆகிவிடும். 75 என்று இருந்தால் 7.5 நானோநொடி, ஆயிரத்தை 7.5ஆல் வகுத்தால் 133 வரும், எஸ்டிரேமில் அதுதான் பிசி133. மைக்ரானின் டிடிஆர்2 சிப்பில் வரும் 25 என்பது 2.5 நானோநொடி, டிடிஆர்2-800. தலைமுறையை முதலில் உறுதி செய்யாமல் வேகத்தைப் படிக்கவே கூடாது.

சாம்சங், ஹைனிக்ஸ் இரண்டும் டிடிஆர்3இல் எழுத்தும் எண்ணுமாகக் குறிக்கின்றன. எச்9 என்றால் இரண்டிலும் டிடிஆர்3-1333 என்பது நல்வாய்ப்பு; ஆனால் 1600க்குச் சாம்சங் எழுதுவது கே0, ஹைனிக்ஸ் எழுதுவது பீபி. டிடிஆர்3-1333 என்பதும் லேபிள்களில் காணும் பிசி3-10600 என்பதும் ஒன்றே. 1333ஐ ஒரு முறைக்கு 8 பைட் என்று பெருக்கினால் வருவது நொடிக்கு ஏறத்தாழ 10,600 மெகாபைட். பிசி133இல் உள்ள 133 மெகாஹெர்ட்ஸையும் பிசி2700இல் உள்ள 2700 மெகாபைட்டையும் ஒப்பிட்டு இது இருபது மடங்கு வேகம் என்று முடிவு கட்டுவது, கிலோமீட்டரையும் கிலோகிராமையும் ஒப்பிடுவது போன்றது.

ஓர் எழுத்தில் மின்னழுத்தம்

டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல்லுக்கு 1.35 வோல்ட். இரண்டுக்கும் வடிவம் ஒன்றே, வெட்டும் ஒன்றே, சிப்பில் ஓர் எழுத்து மட்டும் மாறும். ஹைனிக்ஸில் எச்5டீக்யூ என்றால் 1.5, எச்5டீசி என்றால் 1.35. மைக்ரானில் 41ஜே, 41கே. சாம்சங்கில் பின்பகுதியின் இரண்டாம் எழுத்து ‘சி’ என்றால் சாதாரணம், ‘ஒய்’ என்றால் குறைந்த மின்னழுத்தம். டிடிஆர்3எல் மாட்யூல் 1.5 வோல்ட்டிலும் ஓடும். தலைகீழாக அப்படி நம்ப முடியாது. 2013இல் வந்த இன்டெல் 4ஆம் தலைமுறை மடிக்கணினிச் செயலிகள் 1.35 வோல்ட் ரேமை மட்டுமே ஏற்பதால் அங்கே இந்த எழுத்து தீர்ப்பெழுத்தாகிவிடுகிறது.

நானே இதில் தவறியிருக்கிறேன். கூரை விளக்கின் வெளிச்சத்தில் ‘க்யூ’வின் சிறு வால் தெரியாமல் அதைச் ‘சி’ என்று படித்து, மடிக்கணினி ஒன்றில் பொருத்திவிட்டு, திரையில் எதுவும் வராததால் மதர்போர்டின்மீது சந்தேகப்பட்டு ஒரு மாலை முழுவதையும் செலவிட்டேன். பிறகு டார்ச்சைக் கிடைமட்டமாகப் பிடித்து, ஒளி சிப்பின் முதுகை உரசிச் செல்லும்படி பார்த்தபோதுதான் அந்த வால் நிழலாக எழுந்து தெரிந்தது. லேசரால் பொறித்த எழுத்துகள் மேலிருந்து விழும் ஒளியில் மறைந்துவிடும், பக்கவாட்டு ஒளியில்தான் எழும். அன்றிலிருந்து ஒரு சிப்பை மட்டும் படிப்பதில்லை. அதே மாட்யூலின் மூன்று நான்கு சிப்புகளையாவது படித்து ஒப்பிடுகிறேன். 8ம் ‘பி’யும், 0வும் ‘ஓ’வும், 5ம் ‘எஸ்’ஸும், 6ம் ‘ஜி’யும் ஒன்றுபோல் தெரியும் இடங்களில், ஒரு சிப்பில் மங்கியது இன்னொன்றில் தெளிவாக இருக்கும். ஒரே மாட்யூலில் இரு வேறு சிப்புகள் கலந்திருந்தால் அதுவும் அப்போது வெளிப்படும்.

எழுத்து தெரியவில்லை என்று கத்தியால் சுரண்டுவதும், நகப்பூச்சு நீக்கியைத் தடவுவதும் வேண்டாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெல்ல ஒற்றினால் போதும். பழைய சிப்புகள் சிலவற்றில் எழுத்து மையால் அச்சிடப்பட்டிருக்கும், அழுத்தித் துடைத்தால் அதுவும் போய்விடும் என்பதால் துடைக்கும் முன்பே ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள். வெப்பத்தகடு ஒட்டிய மாட்யூலில் தகட்டை நெம்பினால் சிப்பும் கூடவே பெயர்ந்துவிடக்கூடும். எஸ்பிடியில் விடை கிடைக்குமானால் தகட்டைத் தொடவே வேண்டாம்.

பழைய சிம் வகைகள்

30 முனை, 72 முனைச் சிம் மாட்யூல்களில் (எஸ்டிரேமுக்கு முந்தைய ரேம் வடிவம், செல்பேசிச் சிம் அல்ல) கவனிக்க வேண்டியது சிப் எண்ணின் கடைசி இலக்கம். ஹிட்டாச்சி, சீமென்ஸ், தோஷிபா ஆகியோரின் சிப்புகளில் 5117400 என்றால் 4 மெகா முகவரி, 4 பிட் அகலம், இடிஓவுக்கும் முந்தைய எஃப்பிஎம் வகை. 5117405 என்றால் அதே அளவில் இடிஓ வகை. பின்னால் வரும் எழுத்துகளைக் களைந்து தேடுகிறேன் என்று இந்த 0, 5 வேறுபாட்டையும் சேர்த்துக் களைந்துவிடக் கூடாது. ஒன்பது சிப் கொண்ட 30 முனை மாட்யூலும் மூன்று சிப் கொண்ட மாட்யூலும் ஒரே கொள்ளளவாக இருக்கலாம். எண்ணிக்கை குறைவாக இருப்பதால் கொள்ளளவும் குறைவு என்று கொள்ள வேண்டாம்.

எஸ்பிடியைப் பார்க்காமலும், அதை மட்டுமே நம்பியும்

சிப்பிலிருந்து ஒரு விடை வந்ததும் அதை வேறொரு வழியில் வந்த விடையோடு ஒப்பிட வேண்டும். எஸ்டிரேம் முதல் டிடிஆர்3 வரை 256 பைட், டிடிஆர்4இல் 512 பைட் அளவுள்ள எஸ்பிடி சிப்பில் மாட்யூலின் விவரங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அதில் 2ஆம் பைட் தலைமுறையைச் சொல்லும்: 7 என்றால் டிடிஆர், 8 என்றால் டிடிஆர்2, 11 என்றால் டிடிஆர்3, 12 என்றால் டிடிஆர்4, 18 என்றால் டிடிஆர்5. விண்டோஸில் சிபியூ-இசட் என்ற நிரல் இதைக் காட்டும். லினக்ஸில் டீகோட்-டிம்ஸ் என்ற கட்டளை நேரடியாகப் படிக்கும். டிஎம்ஐ-டீகோட் கட்டளை காட்டுவது பயாஸ் தொகுத்துத் தரும் பட்டியலை. அதில் பயாஸின் பிழைகளும் சேர்ந்து வரும் என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டாம்.

எஸ்பிடியும் எழுதப்பட்ட ஒன்றுதான், மாற்றி எழுதக்கூடியதும்கூட. சிப் கணக்கில் 2 ஜிகாபைட் வரும்போது எஸ்பிடி 4 ஜிகாபைட் என்று சொன்னால், முதலில் சிப்புகளை இருபுறமும் மறுபடி எண்ணுங்கள். எண் சரியாகப் பிரிக்கப்பட்டதா என்று பாருங்கள். ஒரே உறைக்குள் இரண்டு சிலிக்கான் அடுக்குகள் வைத்த சிப்புகளும் உண்டு, அவற்றின் கொள்ளளவு எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதற்குப் பிறகும் முரண்பாடு நீடித்தால் மெம்டெஸ்ட்86 போன்ற சோதனையை முழுக் கொள்ளளவுக்கும் ஓடவிட வேண்டும். பொய்யாக எழுதப்பட்ட கொள்ளளவு, இல்லாத முகவரிகளைச் சோதனை தொடும்போது தானாக வெளிப்பட்டுவிடும். கணினி தொடங்கி, சரியான எண்ணிக்கையைக் காட்டியதோடு நின்றுவிடக் கூடாது. இந்தச் சோதனையின்போது ஐயத்துக்குரிய மாட்யூல் மட்டும் தனியாக ஸ்லாட்டில் இருக்கட்டும். இரண்டு மாட்யூல்கள் இருந்தால் மெதுவானதன் வேகத்துக்கு இரண்டும் இறங்கிவிடும், எது எதன் வேகம் என்று தெரியாது.

இவ்வளவும் கண்டுபிடித்த பிறகு அதை மாட்யூலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். தொடுமுனைகளில் படாத இடத்தில், சிப் எண் மறையாதபடி ஒரு சிறு காகித ஒட்டி போதும். அதில் ‘4 ஜிகாபைட், டிடிஆர்3-1333, 1.5 வோல்ட், இரண்டு ரேங்க், 8 பிட் அகலம், இசிசி இல்லை’ என்ற விவரங்களோடு, சிப்பில் பொறித்திருந்த முழு எண்ணையும் ஓர் எழுத்து விடாமல் எழுதி, சோதித்த தேதியையும் குறித்து வையுங்கள்.